வாகைக்குளத்துக்கும் மதுரைக்கும் நடுவே ஒரு பஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். கார் இருந்தால் எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக நான்குவழிச் சாலையில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். கார் இல்லாதவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்பதைப் போன ஐப்பசியில் நானும் என் மனைவியும் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்த நாங்கள், மனைவிக்கு மூட்டுவலி என்பதால் திரும்பும்போது விமானத்தில் வந்தோம். வாகைக்குளத்தில் நல்ல மழை. இரண்டு முறை வட்டமடித்துப் பார்த்துவிட்டு, இறங்க முடியாது என்று மதுரைக்குத் திருப்பிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உயிர்தான் முக்கியம். அங்கிருந்து மதுரைக்குப் பறக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மதுரையில் இறங்கியபோது மணி பன்னிரண்டரை.

அப்புறம்தான் சிரமம். வாடகைக் காருக்கு ஐயாயிரம் கேட்டார்கள், டோல் தனி. அவ்வளவு பணம் கையில் இல்லை. ஆட்டோ பிடித்து ரிங் ரோடு மண்டேலா நகர் சந்திப்புக்கு வந்து நின்றோம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்திலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்கள் அந்த வழியாகத்தானே வருகின்றன என்ற நம்பிக்கை. முக்கால் மணி நேரத்தில் மூன்று பஸ் வந்தன. கையைக் காட்டினோம், ஒன்றும் நிற்கவில்லை. நிழலுக்கு ஒதுங்க இடமில்லாமல் என் மனைவி சூட்கேஸின் மேலேயே உட்கார்ந்திருந்தாள், முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி.

வேறு வழியில்லாமல் டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி போய், அங்கே தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினோம். அந்த பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு அதே மண்டேலா நகர் சந்திப்பைத் தாண்டும்போது மணி நாலேகால். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து மூன்று மணி நேரம் ஆகியும், நின்ற இடத்துக்கே வந்திருந்தோம். "இங்கதான உக்காந்திருந்தேன்" என்றாள் அவள். தூத்துக்குடி வந்து சேர இரவு ஏழரை.

இது மழைக்காலத்துக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். ஓடுபாதையும் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. எங்கள் ஊருக்குப் பெருமைதான். ஆனாலும் சிங்கப்பூர், துபாய், கொழும்பு போக வேண்டுமானால் எங்கள் பக்கத்து ஜனங்கள் இன்னும் மதுரைக்குத்தான் போகிறார்கள். வேலைக்குப் போகிற பையன்கள் பெட்டியோடு மாட்டுத்தாவணி வரை போய் இறங்கி, வந்த வழியே விமான நிலையத்துக்குத் திரும்புகிறார்கள். மாட்டுத்தாவணி மதுரைக்கு வடகிழக்கே, விமான நிலையம் தெற்கே.

அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. தூத்துக்குடி, திருச்செந்தூர் பஸ்கள் எல்லாம் மண்டேலா நகரில் நின்று ஆளை ஏற்றி இறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் போதும். புதிதாக ஒரு பஸ்கூட வாங்க வேண்டியதில்லை. சந்திப்பில் ஒரு நிழற்குடை வேண்டும். முடிந்தால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு பஸ்ஸை மதுரை விமான நிலைய வாசல் வரை விட்டு, இந்தப் பக்கம் தூத்துக்குடியோடு நிறுத்தாமல் வாகைக்குளம் வரை ஓட்டலாம்.

விமானம் திசைதிருப்பப்படும் நாளில் பயணிகளை உரிய ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். அன்று நாங்கள் கேட்ட மூன்று கவுன்ட்டரிலும் மூன்று பதில் கிடைத்தது. எங்களோடு வந்த ஒரு கைக்குழந்தைக்காரப் பெண் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தாரோ, இன்றுவரை எனக்கு அந்த நினைப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
மில்லர்புரம், தூத்துக்குடி.