லைன்மேன் சேட்டனுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

பேராவூரணிப் பக்கத்து உறவுகளுக்கும், இங்கே சிங்கப்பூரில் எனக்குத் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

கஜா புயல் என்ன செய்துவிட்டுப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதிக்குப் பிறகு ஆறு நாள் அம்மாவின் குரலை நான் கேட்கவில்லை. ஊரில் யாருக்கு அடித்தாலும் போன் போகவில்லை.

22ஆம் தேதி இரவு, ஈசூன் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, தெரியாத இந்திய நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது வினாடிதான். முதலில் மரம் அறுக்கும் மெஷின் சத்தம். அப்புறம் யாரோ, “பேசுங்கம்மா, மகள் கேட்கும்” என்கிறார். அம்மா தொண்டையைச் செருமிக்கொள்கிறார். “நான் நல்லாருக்கேன் தாயி. கொல்லையில ஒரு தென்னை நிக்கல. நீ லீவு போட்டுக் கெளம்பி வராத. புள்ளைய பாத்துக்க.” கடைசியில் அந்த ஆள் சொல்கிறார்: “சேச்சி, அம்மாவுக்கு ஒரு கொழப்பமும் இல்ல கேட்டோ.”

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவர் கேரள மின்வாரியத்திலிருந்து வந்த லைன்மேன். எங்கள் தெருவில் கம்பம் நட வந்தவர், தண்ணீர் கேட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்த என் நம்பரைப் பார்த்து யாருடையது என்று கேட்டிருக்கிறார். ஊரில் சிக்னல் இல்லை. அதனால் அம்மா பேசியதைப் பதிந்துகொண்டு, இரவு பட்டுக்கோட்டையில் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பியதும் அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கு மட்டுமில்லை. தெருவில் பிள்ளைகள் மலேசியாவிலும் துபாயிலும் இருக்கிற வீடுகள் எல்லாவற்றிலும் நம்பர் வாங்கிப் பதிந்து அனுப்பினாராம். அது அவருக்கு யாரும் கொடுத்த வேலை இல்லை.

மறுநாள் நன்றி சொல்லக் கூப்பிட்டேன். “ஆகஸ்டில் எங்க நாடு முங்கியப்போ உங்க ஆளுகள்தானே அரிசி கொண்டுவந்தது” என்றார். பேரைக் கேட்கத் தோன்றவில்லை, அந்த நேரத்தில் எனக்கு வாயே வரவில்லை. பிறகு அடித்தால் அந்த நம்பர் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வாரமாகியும் கரண்ட் வரவில்லையே, என்ன அரசாங்கம் இது என்று வாய்விட்டுத் திட்டியவள் நான். நிவாரணம் பல ஊர்களுக்குப் போய்ச் சேரத் தாமதமானது என்ற கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அவர் அனுப்பிய ஒரு போட்டோவைப் பார்த்தேன். முழங்கால் சேற்று வயலில் எட்டுப் பேர் ஒரு சிமெண்ட் கம்பத்தைத் தோளில் தூக்கிப் போகிறார்கள். வண்டி இறங்க வழியில்லாத இடம். விழுந்தது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள். வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளா, ஆந்திராவிலிருந்தும் வந்தவர்கள் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் படுத்து எழுந்து அவற்றை நட்டார்கள். அவர்களை நோக்கி நான் இனி ஒரு சொல் தவறாகச் சொல்ல மாட்டேன்.

15ஆம் தேதி சாயந்திரமே வீடு வீடாக வந்து, வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த அம்மாவை முகாமுக்குக் கூட்டிப்போன வி.ஏ.ஓ. ஐயா, அங்கே சோறு பொங்கியவர்கள், ஜெனரேட்டர் வைத்துத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிய ஊர்ப் பிள்ளைகள், தார்ப்பாய்க்குக் காசு வாங்க மறுத்த சிங்கப்பூர் தேக்கா கடைக்காரர், அந்தத் தார்ப்பாய்ப் பெட்டியைத் தன் சாமானோடு சேர்த்துத் திருச்சிவரை கொண்டுபோன தம்பி, என் ஷிப்டைப் பார்த்துக்கொண்ட தோழிகள், என் பெண்ணுக்கு நாலு நாள் சோறு ஊட்டிய பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி), எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

சேட்டா, உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. இதைப் பார்க்கிற யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். நீங்கள் கிளம்பும்போது கையில் கொடுத்தனுப்ப ஒரு இளநீர்கூட இல்லையே என்று அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. பொங்கல் கழிந்ததும் கன்று வைக்கிறோம். எங்கள் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். முதல் குலை உங்கள் வீட்டுக்குத்தான் என்று அம்மா சொல்லச் சொன்னார். விலாசம் மட்டும் அனுப்பிவையுங்கள்.