பத்தாவது ஆளுக்கு நன்றி

போன ஜனவரியில் நியூயார்க் புரூக்ளினின் ஃபிளாட்புஷ் வீட்டில், இறந்துபோன அப்பாவுக்காக யூத வழக்கப்படி ஷிவா என்ற ஏழு நாள் துக்கம் காத்தோம். அப்பா பையன்களுக்கு யூத மத நூலான தல்மூத் சொல்லிக் கொடுத்தவர். ராத்திரி வீட்டிலும் அதே பாடம்தான், நாங்கள் தப்பவே முடியாது!

மூன்றாம் நாள் காலை ஒரே பனி. இறந்தவருக்கான கதீஷ் பிரார்த்தனையைச் சொல்ல எங்கள் முறைப்படி பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர்தான் இருந்தோம். துக்க வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை. தெருவில் போன நீங்கள் உள்ளே வந்தீர்கள். ஒன்றும் கேட்காமல் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நின்றீர்கள். என் குரல் உடைந்தபோது உங்கள் 'ஆமேன்' மட்டும் சத்தமாகக் கேட்டது.

அப்பாவும் இப்படித்தான். ஆள் குறைகிறது என்று போன் வந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவார்.

பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி ஐயா.