வீட்டில் படிக்கும் மகளுக்கு எதை வாங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வீட்டிலிருந்தே படித்து, தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகும் எங்கள் 15 வயது மகளின் படிப்புச் சாதனங்களுக்காக, இவ்வாண்டு 20,000 ரூபாய் ஒதுக்கினோம். என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்போது, வழிகாட்டி நூல்களுக்கு 6,000 ரூபாயைச் செலவழித்தது எங்கள் தவறு. அவற்றுள் பாதியை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை. மாறாக, 4,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய நுண்ணோக்கி நாள்தோறும் பயன்படுகிறது. வெங்காயத்தின் மெல்லிய தோலை உரித்து, அயோடின் ஒரு சொட்டு விட்டு, செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரிந்த அன்று, அவள் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. இத்தகைய கருவிகளை மாவட்ட மைய நூலகங்கள் நூல்களைப் போலவே இரவல் கொடுத்தால், எங்களைவிடக் குறைவாக ஒதுக்க முடிந்த பெற்றோருக்கும் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், திருச்சி