காப்பாளர் பணி காவல் மட்டுமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

நூதனசாலைக் காப்பாளர் பதவி குறித்துத் தங்கள் வாரவெளியீட்டில் வந்த கட்டுரை, அதனை அரும்பொருட்களைப் பழுதுபடாமல் பேணும் பணியாகவே விளக்கியிருந்தது. பேணுதல் பாதிப் பணிதான். ஒரு பொருள் யாருடையது, எதற்காகச் செய்யப்பட்டது, எவ்வழியாக இங்கு வந்தது என்று ஆராய்ந்து, பார்க்க வருபவரின் மொழியில் எடுத்துரைப்பது மற்றப் பாதி.

கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள மும்மொழிக் கல்வெட்டையே பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணங்களோடு தொடர்புடைய, 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல், 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்தையும் போற்ற, பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபைச் சார்ந்து நிற்கிறது. சீனம் மட்டும் கற்ற ஒருவரிடம் அது ஒப்படைக்கப்பட்டிருந்தால், இலங்கையின் தென்கோடியில் தமிழில் வழிபடப்பட்ட அத்தெய்வத்தின் பெயர் கல்லிலேயே உறைந்து போயிருக்கும். பொலனறுவையிலிருந்து அங்கு வந்து சேர்ந்த சுந்தரமூர்த்தி நாயனார் வெண்கலமும் அத்தகையதே. மணக்கோலத்தில் இருந்தவரை இறைவன் தடுத்தாட்கொண்ட வரலாற்றை அறிந்த கண்ணுக்கே அந்த முகத்தின் வியப்பு புலப்படும். தேவாரம் அறியாதவர் உலோகத்தையும் உயரத்தையும் மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அந்நூதனசாலை திறக்கப்பட்ட 1877 ஆம் ஆண்டிலேயே கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, அங்கிருந்த வெண்கலங்களைப் பற்றி 1914 இல் தனி நூல் எழுதினார். 1917 முதல் தம் இறுதிக்காலம் வரை அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் பணியாற்றினார். சிற்பத்தைச் சிற்பநூலோடும் சமய இலக்கியத்தோடும் சேர்த்துப் படித்த அவருடைய முறையே இத்தொழிலுக்கு அளவுகோல் என்பது என் துணிபு.

அண்மையில் நகரிலுள்ள ஒரு காட்சிக்கூடத்துக்கு என் பேர்த்தியை அழைத்துச் சென்றிருந்தேன். தூண்டாமணி விளக்கொன்றின் அருகே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்று வரிகள் இருந்தன. தமிழில் ‘விளக்கு’ என்ற ஒரே சொல். கருவறையில் தொங்குவது எது, எண்ணெய் எங்கிருந்து திரிக்கு இறங்குகிறது என்றெல்லாம் அவள் கேட்க, அவற்றை நானே சொல்ல நேர்ந்தது. சொல்ல ஆளில்லாது வரும் பிள்ளைகளை நினைத்து அன்று மனம் வருந்தினேன்.

ஆகவே, தமிழ்ச் சாசனங்களையும் சமய இலக்கியத்தையும் முறையாகக் கற்ற பட்டதாரிகளைக் காப்பாளர் பணிக்கு எடுக்க வேண்டும். தமிழ்க் குறிப்பை மொழிபெயர்ப்பாளரிடம் கடைசியில் கொடுத்து வாங்காமல், பொருளை ஆராய்ந்தவரே எழுத வேண்டும். எழுதியவர் பெயரும் ஆண்டும் குறிப்பின் கீழ் இருக்குமாயின், பிழை கண்ட வாசகர் யாரிடம் முறையிடுவது என்பதும் தெளிவாகும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.