எட்டுப் படி நிறம்

நகரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துபோனதில் எதற்கும் உட்கார முடியவில்லை. நம் பக்கத்து ஜனங்கள் வேறு எங்கே போவார்கள், புத்தூர்க் கட்டுதான். பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். இரண்டாவது கட்டும் போட்டாயிற்று, விரல்கள் நன்றாக அசைகின்றன. இடது கையால் தோசை திருப்பப் பழகிக்கொண்டாள். நீ இந்துப்பூரில் தனியாக என்ன சாப்பிடுகிறாய் என்று அவள் கேட்காத நாளில்லை.

தறி நான்கும் ஓடுகின்றன. நூல் விலையைப் பற்றி ஆரம்பித்தால் கடிதம் முழுக்க அதுவே ஆகிவிடும், விடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். "கணினி ஆட்டத்தில் வரும் ஒரு சிப்பாயின் நிறத்தை மாற்ற ஆறு மாதமா? ஒரு பட்டனைத் தட்டினால் முடிகிற வேலை இல்லையா?" என்று எழுதியிருந்தாய். நானும் தொடங்கும்போது அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் உனக்கு விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

சிவிலைசேஷன் 3 ஆட்டம் வந்தது 2001-ல். புத்தூர் பிரௌசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆடினோமே, அப்போது நமக்குப் பிடித்தது இந்தியாவின் போர் யானை. மற்ற நாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குதிரை வீரன், நமக்கு மட்டும் யானை. ஆனால் யானை போக மீதிப் படையில் நம் ஆள் யாரும் இல்லை. வேல்காரன், வாள்காரன் எல்லாரும் வேறு ஏதோ ஊர்க்காரர்கள். வெளுத்த முகம், தோல் கவசம். அது அப்போதே என்னை உறுத்தியது, உன்னிடம் சொன்னதில்லை.

இப்போது நாம் கட்டுகிற மாட், அதாவது அதே ஆட்டத்தை நம் கதைக்கு ஏற்ப மாற்றியமைப்பது, 1565-க்குப் பிந்திய கதை. தலைக்கோட்டைப் போரில் தோற்று விஜயநகரம் பாழாகி, தலைநகர் பெனுகொண்டாவுக்கு வந்து, அப்புறம் சந்திரகிரிக்கு வந்த காலம். பெனுகொண்டா உன் பக்கம், சந்திரகிரி என் பக்கம். அந்தக் கோட்டையைக் காக்கிற காலாட்படை ஆள் நம் தெருவில் நடக்கிற ஆள் மாதிரி இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை.

புதிதாக உருவம் செய்ய எனக்குத் தெரியாது. இருக்கிற வேல்காரனை எடுத்து நிறம் மாற்றுவது என்று முடிவு செய்தேன். அவன் நிற்பதற்கு ஒரு கோப்பு, ஓடுவதற்கு ஒன்று, குத்துவதற்கு ஒன்று, விழுந்து சாவதற்கு ஒன்று. எல்லாமே எஃப்எல்சி என்ற பழைய அசைபட வகை. ஒவ்வொரு அசைவையும் எட்டுத் திசையிலும் காட்ட வேண்டும். ஓடுவதற்குப் பத்துப் படம் என்று வைத்துக்கொள், எட்டுத் திசைக்கு 80. இப்படி ஐந்து அசைவு என்றால் 400 படம். ஆளின் உயரமோ உன் கட்டைவிரல் நகம் அளவு.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. அந்தப் படங்களில் நிறமே கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது வெறும் எண். 0 முதல் 255 வரை ஏதோ ஒன்று. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனியாக ஒரு பலகையில் இருக்கிறது, வரிசைக்கு 16 கட்டமாக 16 வரிசை. 90 என்ற கட்டத்தில் மஞ்சளை எடுத்துவிட்டு நீலத்தை வைத்தால், எங்கெல்லாம் 90 இருக்கிறதோ அங்கெல்லாம் நீலம்.

இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குக் காளஹஸ்தி ஞாபகம் வந்தது. சித்தி வீட்டுக்கு எதிரே கலம்காரி போடும் வீடு இருந்தது, ஒரு கோடை விடுமுறைக்கு நீயும் வந்திருக்கிறாய். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்திருப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரில் மூங்கில் எழுதுகோலைத் தோய்த்து இழுத்தால் கோடு கருப்பாக எழும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பைத் தீட்ட மாட்டார்கள். படிகாரத் தண்ணீரைத் தீட்டுவார்கள். அப்போது அங்கே பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் சாயவேர் கொதிக்கும் அண்டாவில் போட்டு எடுத்தால் படிகாரம் பட்ட இடம் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறியது ஸ்வர்ணமுகி ஆற்றில் அலசி வெயிலில் போட்டால் போய்விடும். துணியில் இருப்பது அடையாளம், நிறம் வருவது அண்டாவில். நம் சிப்பாயின் படமும் படிகாரம் தீட்டிய துணிதான் மச்சான், பலகைதான் அண்டா.

பலகையின் முதல் வரிசைகளை ஆட்டமே தன் கையில் வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் எண்களில் ஆடுகிற நாட்டின் நிறம் தானாக விழும். கடைசிக் கட்டங்கள் நிழலுக்கு. நான் தொடக்கத்து ஆர்வத்தில் ஒரு மென்பொருளில் திறந்து, சேமித்து, ஆட்டத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த மென்பொருள் தனக்கு வசதியாக எண்களையெல்லாம் வரிசை மாற்றி எழுதிவிட்டிருந்தது. சிப்பாயின் காலடியில் நிழலுக்குப் பதில் பச்சைத் திட்டு, முழங்காலில் நாட்டு நிறம். இரண்டு வார வேலை போயிற்று. அதிலிருந்து வண்ணங்களை வரிசை கலைக்காமல் சேமிக்கிறதா என்று சரிபார்க்காமல் எதையும் திறப்பதில்லை. நீயும் படம் அனுப்பும்போது எதையும் மாற்றிச் சேமிக்காதே, எடுத்தது எடுத்தபடி அனுப்பு.

ஆறு மாதம் பிடித்த இடத்துக்கு வருகிறேன். தோல் நிறத்துக்கு என்று எட்டுக் கட்டம் இருந்தது. மூக்கு நுனியின் மினுக்கிலிருந்து தாடைக்குக் கீழ் நிழல் வரை எட்டுப் படி. அதே எட்டு எண்களை வேல்கம்பிலும் தோள்வாரிலும் செருப்பிலும் போட்டிருந்தார்கள். வரைந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 256 கட்டத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும், வெளுத்த தோலின் நிழலும் மரத்தின் வெளிச்சமும் ஒரே பழுப்பு. ஆனால் நான் தோலைக் கருக்கினால் கம்பும் சேர்ந்து கருத்தது. கையும் கம்பும் ஒன்றாகி, ஆள் காற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுபோல் ஆயிற்று. பட்டனைத் தட்டினால் நடப்பது இதுதான்.

ஆகவே பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படத்தையும் எட்டு மடங்கு பெரிதாக்கி, இது கம்பு, இது விரல், இது வார் என்று புள்ளி புள்ளியாகப் பார்த்து, கம்புக்குப் புது எண் கொடுத்தேன். ஒரு படத்தில் ஒரு புள்ளி தவறினாலும் ஓடும்போது அந்த இடம் மின்மினி மாதிரி மினுக்கும். நிறுத்திப் பார்த்தால் தெரியாது, ஓடவிட்டால்தான் தெரியும். ராத்திரி தறியை நிறுத்திய பிறகு நாளுக்கு நான்கு படம், மனசு இருந்தால் ஐந்து.

அது முடிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் வந்தது. தோல் எண்கள் தனியாகிவிட்டன, இனி கருக்கினால் போதும் என்று எட்டுப் படியையும் ஒரே விகிதத்தில் இறக்கினேன். முகம் செத்துவிட்டது. கண் இல்லை, மூக்கு இல்லை, ஒரு பழுப்பு உருண்டை. எட்டுப் படியும் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதைப் பார்த்து நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நம் நிறத்தைக் கொடுத்தால் முகம் போய்விடும் என்று இந்த ஆட்டம் சொல்கிறதா என்றுகூடத் தோன்றியது.

பதில் தறிக்கூடத்து வாசலில் கிடைத்தது. நம் பாவு போடுகிற அண்ணன் காலை பத்து மணி வெயிலில் சட்டையில்லாமல் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல கருப்பு அவர், உனக்குத் தெரியும். அவர் நெற்றியிலும் தோள்பட்டையிலும் விழுந்த வெளிச்சம் பழுப்பே இல்லை. கிட்டத்தட்ட வெள்ளை, அதிலும் வானத்தின் நீலம் கொஞ்சம் கலந்த வெள்ளை. கழுத்து மடிப்பின் நிழலும் கருப்பு இல்லை, புளியங்கொட்டையின் செங்கருமை. கருத்த தோலில் வெளிச்சமும் நிழலும் வெளுத்த தோலைவிட அதிகத் தூரம் விலகி நிற்கின்றன. நான் செய்ததோ அவற்றை நெருக்கியது. டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன், அவர் என்னப்பா என்று கேட்டார்.

அன்று ராத்திரி எட்டுப் படியையும் புதிதாக வைத்தேன். கீழே இரண்டு படி புளியங்கொட்டை. நடுவில் நான்கு, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளியோடு. மேல் இரண்டு படியைக் கருக்கவே இல்லை, கொஞ்சம் நீலம் சேர்த்து வெளிச்சமாகவே விட்டேன். ஓடவிட்டேன். மச்சான், அவன் முகத்தைத் திருப்பினான். எட்டுத் திசையிலும் மூக்கு தெரிந்தது. தலையில் குல்லாய், திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயர் சிலையின் தலையில் இருக்கிறதே, அந்த உயரக் குல்லாய்தான், ஹெல்மெட்டின் எண்களைக் கொண்டே செய்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "யாருடா இது, நம்ம பக்கத்துப் பையன் மாதிரி இருக்கான்" என்றாள். வேறு யார் பாராட்டினாலும் இதற்கு ஈடாகாது.

யானையில் வேலை குறைவு, சாம்பல் நிறம் அப்படியே இருக்கட்டும். நெற்றிதான். 1520 வாக்கில் விஜயநகரத்தைப் பார்த்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், யானைகளின் தலையில் பூதங்கள், பெரிய மிருகங்களின் முகங்கள் வரைந்திருந்ததாக எழுதியிருக்கிறார். மேலே மூன்று நான்கு பேர் பஞ்சு வைத்துத் தைத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்களாம். எனக்கு அந்த நெற்றியில் கிடைக்கும் இடம் ஆறு புள்ளி அகலம். இரண்டு வெள்ளைப் புள்ளி கண், கீழே மூன்று சிவப்புப் புள்ளி வாய். யானை தலையை ஆட்டும்போது பூதம் முறைக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அக்கா பையன் வந்திருந்தான், ஆடவிட்டேன். வீட்டில் நம்மோடு தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஆட்டத்தில் திட்டுவது மட்டும் இரண்டிலும். கொஞ்ச நேரத்தில் தன் படையைத் தானே சுற்றி வளைத்துக்கொண்டு, "மாமா, எல்லாம் ஒரே கலர்ல இருக்கே" என்றான். நாயக்கருக்குச் சிவப்பு, எதிரிக்குப் பச்சை வைத்திருந்தேன். அவனுக்கு இரண்டும் ஒன்று. அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது. நூல் கழியை வாங்கும்போதெல்லாம் ஷேடு பார்க்க அம்மாவைத்தானே கூப்பிடுவார்? "உன் கண்ணுக்கு எப்படி இருக்கு, சொல்லு" என்பார். அம்மா மேல் இருக்கிற மரியாதை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சிவப்பு பச்சை பிரித்தறியாத கண் அம்மா வழியாக மகனுக்கு வருவது, அம்மாவுக்கு அது அவள் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம். அக்காவுக்கு நம் அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஐம்பது வருடம் சாயத்தோடு இருந்த மனிதர் யாரிடமும் சொல்லவில்லை. நான் அம்மாவிடம் கேட்டேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே நாட்டு நிறங்களை மாற்றினேன். ஒன்று அடர்ந்த அவுரி நீலம், மற்றது வெளிர் மஞ்சள். திரையைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தாலும் இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நாட்டு நிறத்தை இடுப்புக் கச்சையிலும் கேடய விளிம்பிலும் மட்டும் விட்டேன். முழு வேட்டியும் நீலமாக விழுந்தால் ஆள் பொம்மையாகிவிடுகிறான்.

உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். லேபாக்ஷி உனக்குப் பக்கம். வீரபத்திரர் கோயில் மண்டபக் கூரையில் அச்சுதராயர் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன, நீ தொங்கும் தூணைப் பார்த்துவிட்டு வந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மறுபடி போ. வெளிச்சம் உள்ளே வரும் நேரமாகப் பார்த்துப் போ. ராஜா ராணியை விட்டுவிடு. பின்னால் நிற்கிற ஆட்களின் இடுப்புத் துணியையும் அதன் கரையையும் பார். துணியின் தரை என்ன நிறம், கரை என்ன நிறம், கோடா கட்டமா பூவா என்று எழுது. படம் எடுக்க விட்டால் எடு. அந்தக் கோயில் தூண்களின் கோலத்தைச் சேலைக் கரையில் போட்டு நம் நெசவுக்காரர்கள் எத்தனையோ வருடமாக நெய்கிறார்கள், கூரையில் இருக்கும் துணியை நான் ஒருமுறைகூட நிதானமாகப் பார்த்ததில்லை.

வேட்டிக்கு ஆறு கட்டம் காலியாக வைத்திருக்கிறேன். உன் கடிதம் வரும்வரை அது வெறும் வெள்ளை.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கட்டி வைத்திருக்கிறாள், இடது கையாலேயே நறுக்கியது. அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிற நூல் லாரியில் கொடுத்தனுப்புகிறேன்.

உன்
மச்சான்