கண்ணு, இப்போதைக்கு மருந்து அடிக்காதே

கண்ணு, சாப்பிட்டியா மா. நீ வாட்சப்ல போட்ட சுக்கினி இலை போட்டோவ பெருசாக்கி பெருசாக்கி பாத்தேன், அந்த மஞ்சளும் கறுப்புமா இருக்கிற பொறிவண்டு உன் செடிய திங்கவே இல்ல, இலை மேல மாவு தூவுன மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்குல்ல சாம்பல் நோய், அந்த பூஞ்சையத்தான் சொரண்டி சொரண்டி திங்குது. பேரு இல்லெயிஸ் கால்புலா. மெல்பர்ன் பக்கம் பூசணி, வெள்ளரி, சுக்கினி எதுல சாம்பல் பிடிச்சாலும் அங்க வந்துடும், மத்த பொறிவண்டு மாதிரி செடிச்சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சிய தேடி வராது, அதனால அசுவினி இருக்கிற எடத்துல இத தேடாதே.

அடையாளம் சொல்றேன். 5 மில்லிமீட்டருக்கு மேல போகாது, முதுகு பளபளன்னு இருக்கும், தலைக்குப் பின்னால வெளிறுன பட்டை, அதுல ரெண்டு கறுப்பு புள்ளி. இலைய லேசா தொட்டாலே பொத்துன்னு கீழ விழுந்துடும். இங்க மலேசியால, ஆயர் ஈத்தாம்ல நம்ம வீட்டு பின்னாடி பாகல் கொடிக்கு சாம்பல் வந்தா இதே சாதில ஒண்ணு வரும், அதுக்கு முதுகுல புள்ளியே கிடையாது, வெறும் மஞ்சள், ஆனா அந்த ரெண்டு புள்ளி மட்டும் அதே எடத்துல இருக்கும். உன் தம்பி இருக்கிற இங்கிலாந்துல எலுமிச்சை மஞ்சள்ல 22 புள்ளி வெச்சது இருக்காம், ஆரஞ்சு கலர்ல வெள்ளை புள்ளி வெச்சது ஒண்ணு மரத்துல இருக்குமாம், ரெண்டுக்கும் இதே சாப்பாடுதான்.

நீ பயப்பட வேண்டியது 28 புள்ளி வண்டுக்கு. நம்ம கத்திரிக்கா செடிய நாசம் பண்ணுமே அதேதான், உங்க ஊர்லயும் இருக்கு. அது பளபளக்காது, மேல பூனை முடி இருக்கும், நிறம் மங்கலான ஆரஞ்சு, புழுவுக்கு ஒடம்பெல்லாம் முள்ளு, நரம்ப விட்டுட்டு இலைய சல்லடையாக்கிடும். உன் இலைல ஒரு ஓட்டை கூட இல்லயே மா, அத பாத்துதான் எனக்கு நிம்மதி.

வண்டு வந்ததால நோய் முழுசா போயிடும்னு நெனைக்காதே, அது வயித்துக்கு திங்குது, அவ்வளவுதான். கந்தகம் அடிச்சேன்னா அதுக்கு சோறே இல்லாம போயிடும். நெருக்கமா இருக்கிற எடத்துல கொஞ்சம் இலைய எடுத்து காத்தோட்டமா விடு. ரொம்ப வெளுத்த இலைய வெட்டறதுக்கு முன்னாடி திருப்பி பாரு, வெளிறுன மஞ்சள்ல வரிசையா கறுப்பு புள்ளி வெச்ச புழு இருந்தா அது இதோட குட்டிதான், பக்கத்து இலைக்கு மெதுவா தட்டி விட்டுட்டு அப்புறம் வெட்டு. புழு கெடச்சா கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்பு மா, அப்பாவும் பாக்கணும்னு சொல்றாரு.

அம்மா