உன் பெயரும் அதில் இருக்கிறது

அன்புள்ள மீனா,

ஏழு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. தப்பு என்னுடையதுதான், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சின்னவன் விடுதியில் சேர்ந்துவிட்டான். கல்யாணி அக்கா அந்தக் குடையை இன்னும் தரவில்லை, நீ வந்து கேட்டால்தான் உண்டு. சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆறு வருடமாக நான் ஒரு உடல்நலக் கணக்கெடுப்பில் இருப்பது உனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை ஒரு பெண் வந்து தூக்கம், நடை, ரத்த அழுத்தம், மனசு என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போவார். இந்தத் தடவை கேள்விகள் முடிந்ததும் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டினார். நான் சொன்ன பதில்களை என் மருத்துவப் பதிவுகளோடு இணைத்து ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். மறுத்தால் என் சிகிச்சைக்கு ஒன்றும் ஆகாது. சம்மதித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆனால் அதற்குள் முடிந்துபோன ஆய்வுகளிலிருந்து என் தகவலைத் திரும்ப எடுக்க முடியாது. இதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை மீனா.

முதல் வருடம் அவர் வந்தபோது, "மனநலத்துக்காக எப்போதாவது சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி இருந்தது. அடுத்த அறையில் மாமியார் இருந்தார். இல்லை என்றேன். ஒரு தடவை இல்லை என்ற பிறகு அடுத்த வருடம் எப்படி மாற்றுவது? ஆறு வருடமும் அதே இல்லை. பதினொரு மாதம் நான் மாத்திரை சாப்பிட்டது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? இரண்டையும் இணைத்தால் என் பதிலும் டாக்டர் எழுதியதும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். படித்துப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரமாக இதே யோசனை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1951இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் இருந்த டாக்டர்களுக்குப் புகைப்பழக்கம் பற்றி ஒரு சின்னக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 40,000 பேருக்கு மேல் பதில் போட்டார்கள். அப்புறம் அவர்களில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்ற பதிவுகளை அந்தப் பதில்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1954இலேயே புகைப்பவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுக்கும் உள்ள தொடர்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. கேள்வித்தாளை மட்டும் வைத்துக்கொண்டோ, மரணப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டோ அதைக் கண்டிருக்க முடியாது. இதைப் படித்த அன்று உடனே கையெழுத்துப் போடத் தோன்றியது.

மறுநாள் வேறொன்று படித்தேன். அமெரிக்காவில் 1990களில் லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி, பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவமனைப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்த வில்லியம் வெல்டின் பதிவையே எடுத்துக் காட்டினார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு, இவ்வளவுதான் தேவைப்பட்டது. பெயரை அடித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அதே அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற பழங்குடியினரின் கதை இன்னும் வருத்தம். சர்க்கரை நோய்க்கு வழி பிறக்கும் என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை ஆய்வாளர்கள் மனச்சிதைவு ஆய்வுக்கும் அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற ஆய்வுக்கும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு நடந்து 2010இல்தான் சமரசமாகி, மிச்ச ரத்தம் திரும்பி வந்தது.

கணக்கெடுப்பு அலுவலகத்துக்கே போன் செய்தேன். பெயரும் பிறந்த தேதியும் பதிவுகளை இணைக்கும் குழுவுக்கு மட்டும் போகுமாம், என் பதில்கள் அவர்களிடம் போகாது. ஆய்வாளர் கைக்குப் போவது ஒரு எண்ணும் அதன் கீழ் உள்ள தகவலும். அதையும் பூட்டிய கணினி அமைப்புக்குள் வைத்துத்தான் பார்க்கலாம், சரிபார்க்காமல் எதையும் வெளியே கொண்டுபோக முடியாது. காப்பீட்டுக்காரருக்கோ வேலை கொடுப்பவருக்கோ தரமாட்டார்கள். தயங்கித் தயங்கி என் "இல்லை"யைப் பற்றியும் கேட்டேன். "நிறைய பேர் அப்படிச் சொல்வதுண்டு அம்மா. எந்தக் கேள்விக்கு மக்கள் வாய் திறப்பதில்லை என்பதும் ஆய்வாளர்களுக்குத் தெரிய வேண்டியதுதான்" என்றார் போனில் பேசிய பெண். போனை வைத்த பிறகு அழுதேன்.

எனக்கு ஒரே ஒரு கோபம். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மணி நேரக் கேள்விகளுக்குப் பிறகு, எல்லோரும் களைத்திருக்கும்போது, இரண்டு நிமிடத்தில் கேட்கிறார்கள். இணையத்தில் கேட்பதைவிட நேரில் வந்து கேட்டால் சம்மதிப்பவர்கள் அதிகமாம். அதில் எத்தனை பேர் புரிந்துகொண்டு சம்மதித்தார்கள், எத்தனை பேர் முகதாட்சண்யத்துக்குத் தலையாட்டினார்கள்? நீயே படிக்காமல் கையெழுத்துப் போட்டு நம் மூன்று பேரையும் நீச்சல் போட்டியில் கொண்டுபோய் நிறுத்தியவள்தானே!

ஆனாலும் ஒன்று மனசை விடவே இல்லை. என்னைப் போல மறைத்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று ஒதுங்கினால், மறைக்க ஒன்றும் இல்லாதவர்களின் பதிவுகள்தான் மிஞ்சும். அதை வைத்து யாருக்கு எந்த மருத்துவம் தேவை என்று கணக்குப் போடுவார்கள். அந்தப் பதினொரு மாதம் எங்கேயாவது ஒரு எண்ணாகவாவது இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. அன்று இரவு என்னை மருத்துவமனையில் சேர்த்தது நீ. "உடன் வந்தவர்: தோழி" என்று எழுதி உன் பெயரையும் போன் நம்பரையும் அந்தத் தாளில் வாங்கிக்கொண்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? நோயின் குறியீடும் தேதிகளும் மருந்துகளும்தான் போகும், கையால் எழுதியவை போகாது என்று அலுவலகத்தில் உறுதியாகச் சொன்னார்கள். இருந்தாலும் அந்த இரவு எனக்கு மட்டும் சொந்தம் இல்லை. உன்னைக் கேட்காமல் போட மனசு வரவில்லை.

20ஆம் தேதிக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் சொல், காரணம் கேட்கமாட்டேன். சரி என்றால் ஒரு வரி போதும். அடுத்த தடவை அந்தப் பெண் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு சரியான பதிலைச் சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
வசந்தி